ஒரு நம்பர், ஒரு சீல், ஒரு ஹார்ட் டிஸ்க்

இன்னிக்கு எபிசோடை திருச்செங்கோடு மலையில இருந்து ஆரம்பிக்கலாம்.

2015 ஜூன் 23. அர்த்தநாரீஸ்வரர் கோயில். ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ், 21 வயசு, இன்ஜினியரிங் முடிச்ச பையன், கூடப் படிச்ச தோழியைச் சந்திக்க அங்க வர்றார். அவர் தலித். தோழி கொங்கு வேளாளக் கவுண்டர் சமூகத்தைச் சேர்ந்தவங்க. ஒரு கும்பல் அவங்களை மறிச்சு விசாரிக்குது, கோகுல்ராஜை மட்டும் கூட்டிட்டுப் போகுது. அடுத்த நாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்துல அவர் உடல் கிடைச்சது.

இந்த வழக்கோட சாதி அரசியலைப் பத்தி நிறையப் பேர் பேசியிருக்காங்க, பேசவும் வேணும். நான் இன்னிக்கு எடுத்துக்கப் போறது அந்தக் கோயில்ல இருந்த ஒரு பொருளை: சிசிடிவி பதிவாகிட்டிருந்த ஹார்ட் டிஸ்க்.

ஏன்னா, விசாரணையில அந்தத் தோழி பிறழ் சாட்சி ஆயிட்டாங்க. வீடியோவுல இருக்கிற பொண்ணு நான் இல்லைன்னு சொல்லிட்டாங்க. 2022 நவம்பர்ல சென்னை உயர்நீதிமன்றத்துல நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் முன்னாடி அதே பதிவைப் போட்டுக் காட்டினப்பவும் அதே பதில்தான். அவங்க எந்த நெருக்கடியில அப்படிச் சொன்னாங்கன்னு, இந்த ஊர்ல வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2023 ஜனவரியில ரெண்டு நீதிபதிகளும் நேரா திருச்செங்கோட்டுக்கே வந்து கோயிலையும், அப்புறம் அந்தத் தண்டவாளத்தையும் சுத்திப் பார்த்தாங்க. ஜூன் 2ஆம் தேதி தீர்ப்பு. யுவராஜ் உட்பட எட்டுப் பேரோட ஆயுள் தண்டனை உறுதியாச்சு, ரெண்டு பேருக்குத் தண்டனை குறைஞ்சது.

மனுஷங்க பின்வாங்கின இடத்துல ஒரு மெஷின் நின்னுச்சுன்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா மெஷின் தானா நிக்காது. "இது அந்தக் கோயில் கேமராவுல அன்னிக்குப் பதிவானதுதான், நடுவுல யாரும் கை வைக்கலை"ன்னு ஒருத்தர் கோர்ட்ல சொல்லணும். எதிர்த்தரப்பு வக்கீல் கேக்கற கேள்விக்கெல்லாம் தாக்குப்பிடிக்கணும். தடய அறிவியல் ஆய்வகம்னா நமக்கு மைக்ரோஸ்கோப்பும் வெள்ளைக் கோட்டும்தான் ஞாபகம் வருது. அங்க நடக்குற வேலையில பெரிய பங்கு இந்தக் கணக்கு வழக்குதான்: எது எங்கிருந்து வந்துச்சு, யார் தொட்டாங்க, வந்தபடியே இருக்கா. அந்தக் கணக்கோட கதைதான் இன்னிக்கு.

கதை சென்னையில தொடங்குது, 1849ல. மதராஸ் மாகாணத்துல அந்த வருஷம் ஒரு கெமிக்கல் எக்ஸாமினர் லேப் வந்துச்சு. இந்தியாவுல அந்த வகையில முதல் லேப் இதுதான். கல்கத்தாவுக்கே 1853லதான் வந்துச்சு. வேலை பெரும்பாலும் விஷம் கண்டுபிடிக்கறது. செத்தவங்க இரைப்பை, கல்லீரல் துண்டுகள் ஜாடியில வரும். ஆர்சனிக் இருக்கான்னு பார்ப்பாங்க. அந்தக் காலத்துல விஷம்னா முதல் சந்தேகம் ஆர்சனிக் மேலதான்.

யோசிச்சுப் பாருங்க. மாகாணம் முழுக்க, ஒடிசா எல்லையில இருந்து திருநெல்வேலி வரைக்கும், நம்ம கோயம்புத்தூர் ஜில்லாவும் சேர்த்து, ஜாடிகள் ஒரே கட்டடத்துக்கு வருது. ரெண்டு ஜாடி லேபிள் மாறினா? கெமிஸ்ட் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும், தப்பான ஆளுக்குத் தூக்கு. அதனால ஒரு ஜாடிக்கு ஒரு நம்பர், ஒரு அரக்கு சீல், கூடவே அந்த சீலோட மாதிரி அச்சு. வந்ததும் ரெண்டு சீலையும் ஒப்பிட்டு, ரெஜிஸ்டர்ல எழுதிட்டுத்தான் திறக்கணும்.

இந்தப் பழக்கம் இன்னும் சாகலை. தமிழ்நாட்டுல போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றினா நேரா லேபுக்குத் தூக்கிட்டுப் போறதில்லை. முதல்ல மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும், 'ஃபார்ம் 95'னு ஒரு படிவத்தோட. அங்கிருந்து மாஜிஸ்திரேட் கடிதத்தோட லேபுக்கு. கோவையில இருக்கற வட்டார தடய அறிவியல் ஆய்வகத்துக்கு ஒரு சட்டை போனாலும் சரி, ஒரு செல்ஃபோன் போனாலும் சரி, வழி இதுதான். கைப்பற்றின தேதிக்கும் கோர்ட்டுக்கு வந்த தேதிக்கும் நடுவுல நாலு நாள் இடைவெளி இருந்தா, அந்த நாலு நாள் பொருள் எங்க இருந்துச்சுன்னு வக்கீல் கேப்பார். கேக்கணும். அது அவர் வேலை.

சரி, இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதிக்கு வரேன். கேக்கறவங்கள்ல சரவணம்பட்டிப் பக்கம் கோடு எழுதற ஆளுங்க இருந்தா கொஞ்சம் நிமிர்ந்து உக்காருங்க.

19ஆம் நூற்றாண்டுக் கடைசியில கைரேகை ஆளுக்கு ஆள் வேறன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா அதை வெச்சு என்ன பண்றது? உங்க கிட்ட ஒரு லட்சம் ரேகை அட்டை இருக்கு. புதுசா ஒருத்தனைப் பிடிக்கறாங்க, பேரு பொய்யாச் சொல்றான். அவன் அட்டை ஏற்கெனவே இருக்கான்னு எப்படித் தேடுவீங்க? ஒண்ணொண்ணா எடுத்துப் பூதக்கண்ணாடியில பார்த்தா வருஷம் போயிடும். ரேகையைச் சேகரிக்கறது சுலபம். அதைத் திரும்பத் தேடி எடுக்கறதுதான் சிக்கல்.

இதைத் தீர்த்தது கல்கத்தாவுல இருந்த ரெண்டு இந்திய அதிகாரிகள், அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ். அவங்க மேலதிகாரி எட்வர்ட் ஹென்றி. முறைக்குப் பேரு 'ஹென்றி முறை'ன்னே நிலைச்சுருச்சு. மேனேஜர் பேர்ல ரிலீஸ் ஆறதெல்லாம் ஐடி கம்பெனிக்கு முன்னாடியே இருந்த வழக்கம்தான்.

முறை இதுதான். பத்து விரலை அஞ்சு ஜோடியாப் பிரிக்கணும். முதல் ஜோடிக்கு மதிப்பு 16, அடுத்ததுக்கு 8, அப்புறம் 4, 2, 1. ஒரு விரல்ல சுழி ரேகை இருந்தா அந்த மதிப்பைப் போடு, இல்லைன்னா பூஜ்யம். ஒவ்வொரு ஜோடியிலயும் ஒரு விரல் மேல் எண்ணுக்கு, ஒண்ணு கீழ் எண்ணுக்கு. தனித்தனியாக் கூட்டி, ரெண்டுலயும் ஒண்ணு சேர்த்துக்கோ. மேல 1லிருந்து 32 வரை, கீழ 1லிருந்து 32 வரை. மொத்தம் 1024 பிரிவு. அலமாரியில 1024 அறை கட்டு. அட்டையை அதது அறையில போடு.

16, 8, 4, 2, 1. ஆமாங்க, பைனரி. கம்ப்யூட்டர்ங்கற பேச்சே இல்லாத காலத்துல ரெண்டு பேர் உக்காந்து பத்து பிட் எண் ஒண்ணைக் கண்டுபிடிச்சு, அதை முகவரியா வெச்சு ஒரு மர அலமாரியில ஹேஷ் டேபிள் கட்டியிருக்காங்க. அதுல கொலிஷன் சிக்கலும் உண்டு. சுழியே இல்லாத ஆளுங்க எல்லாரும் 1/1 அறையில குவிஞ்சுருவாங்க. அதுக்காக உட்பிரிவு, உட்பிரிவுக்குள்ள உட்பிரிவுன்னு போனாங்க.

1897ல கல்கத்தாவுல உலகத்தோட முதல் கைரேகைப் பிரிவு திறந்தாங்க. அடுத்த வருஷமே ஜல்பைகுரியில ஒரு தேயிலைத் தோட்ட மேனேஜர் கொலை. அறையில இருந்த ஒரு பஞ்சாங்கப் புத்தகத்துல ரத்தம் தோய்ஞ்ச விரல் தடம். அது முன்னாடி திருட்டுக்கு ஜெயிலுக்குப் போன ஒரு பழைய வேலைக்காரரோட ரேகையோட பொருந்துச்சு. காரணம், அவர் அட்டை ஏற்கெனவே அலமாரியில இருந்துச்சு. ஆனா கோர்ட் அவரைத் திருட்டுக்குத்தான் தண்டிச்சது, கொலைக்கு இல்லை. அந்த அறையில அவர் கை பட்டுச்சுங்கறதைத்தான் ரேகை சொல்லும், கொன்னாருன்னு சொல்லாதுன்னு நினைச்சாங்க. 1898லயே அந்தத் தெளிவு இருந்திருக்கு.

அதுக்கப்புறம் ஒரு நூற்றாண்டு வேகமா ஓட்டிடறேன், ஏன்னா அலமாரி பெருசானதைத் தவிர பெரிய மாற்றம் இல்லை. 1992ல தேசியக் குற்ற ஆவணக் காப்பகமும் சிஎம்சி நிறுவனமும் சேர்ந்து 'ஃபேக்ட்ஸ்'ங்கற ரேகை ஒப்பிடும் மென்பொருளைக் கொண்டுவந்தாங்க. 2022ல 'நாஃபிஸ்'. இப்ப ஒரு வழக்குல கைதாகி ரேகை எடுத்தா, நாடு முழுக்க ஒரே பத்து இலக்க எண் கிடைக்கும். முதல் ரெண்டு இலக்கம் மாநிலம். ஈரோட்டுல எடுத்த ரேகையை இந்தூர்ல தேடலாம்.

இதுவரைக்கும் சொன்னதுல ஒரு பொது விஷயம் இருக்கு. ஜாடியோ ரேகை அட்டையோ, அசல் ஒண்ணுதான் இருக்கும். சீல் வெச்சா போதும். டிஜிட்டல் வந்ததும் அந்த நிம்மதி போச்சு. ஒரு ஃபைலை ஆயிரம் காப்பி எடுக்கலாம், ஆயிரமும் அசல் மாதிரியே இருக்கும். அதுல ஒண்ணை மாத்தினா கண்ணுக்குத் தெரியாது. அரக்கை எங்க வைக்கறது?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ல வந்தப்ப, பழைய சாட்சியச் சட்டத்துல 65பின்னு ஒரு பிரிவைச் சொருகினாங்க. கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்த பிரதியைக் கோர்ட்ல கொடுக்கணும்னா, அது எந்தக் கருவியில இருந்து எப்படி எடுத்ததுன்னு பொறுப்பானவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேணும். இதை முதல்ல நடைமுறையில பார்த்த ஊர்கள்ல சென்னையும் ஒண்ணு. 2004ல, விவாகரத்தான ஒரு பெண்ணைப் பத்தி யாஹூ குழுவுல ஆபாசமாப் பதிவு போட்ட சுகாஸ் கட்டி வழக்கு. பிப்ரவரியில புகார், நவம்பர் 5ஆம் தேதி எழும்பூர் கோர்ட்ல தண்டனை. ஐடி சட்டத்தோட 67ஆம் பிரிவுல இந்தியாவுல கிடைச்ச முதல் தண்டனைன்னு அதைச் சொல்வாங்க. அந்த யாஹூ பக்கத்தோட பிரதிக்கு 65பி சான்றிதழ் கொடுத்தது சைபர் சட்ட வல்லுநர் நா. விஜயசங்கர், 'நாவி'ன்னு தெரிஞ்சவர். சைபர் கஃபே ஓனர்களும் சாட்சி சொன்னாங்க. பிரவுசிங் சென்டர்ல நோட்டுல பேர் எழுதிட்டு உள்ள போன காலம் ஞாபகம் இருக்கறவங்க கை தூக்குங்க.

ஆனா அந்தச் சான்றிதழ் கட்டாயமா இல்லையான்னு உச்ச நீதிமன்றமே பதினஞ்சு வருஷம் அங்கயும் இங்கயும் போயிட்டு வந்துச்சு. 2005ல, நாடாளுமன்றத் தாக்குதல் வழக்குல, இல்லாட்டியும் பரவாயில்லைன்னாங்க. 2014 செப்டம்பர்ல அன்வர் வழக்குல, கட்டாயம்னாங்க. 2018ல கொஞ்சம் தளர்த்தினாங்க. 2020ல அர்ஜுன் பண்டித்ராவ் வழக்குல, கட்டாயம்தான், அசல் கருவியையே கொண்டுவந்து அதோட உரிமையாளர் சாட்சி சொன்னா மட்டும் விதிவிலக்குன்னு முடிச்சாங்க. கோகுல்ராஜ் கொலை நடந்தது 2015 ஜூன். அன்வர் தீர்ப்பு வந்து ஒன்பதே மாசம். ஸ்டேஷன் ஸ்டேஷனா அந்த விதி போய்ச் சேர்ந்திருக்குமான்னு யாரும் உறுதி சொல்ல முடியாத நேரம். அப்படியொரு வழக்குல ஒரு டிவிஆர் பதிவு உயர்நீதிமன்றம் வரைக்கும் நின்னது சாதாரண விஷயம் இல்லை.

லேப்ல என்ன செய்வாங்கன்னு கொஞ்சம் சொல்றேன். ஹார்ட் டிஸ்க்கை நேரா கம்ப்யூட்டர்ல மாட்ட மாட்டாங்க. மாட்டினாலே விண்டோஸ் அதுல எதையாவது எழுதிடும். நடுவுல 'ரைட் பிளாக்கர்'னு ஒரு கருவி இருக்கும். படிக்க விடும், எழுத விடாது. அதுவழியா பிட் பிட்டா முழு டிஸ்க்கையும் நகலெடுப்பாங்க, காலி இடம் உட்பட. ஏன் காலி இடம்? நீங்க டெலிட் அழுத்தினா போறது பெரும்பாலும் அட்டவணையில இருக்கற பேர்தான். மேல வேற எழுதாத வரைக்கும் படம் அங்கயேதான் கிடக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்ல இது நல்லா நடக்கும், என்க்ரிப்ட் பண்ண இன்னிக்கு ஃபோன்கள்ல கஷ்டம்.

அப்புறம் ஹேஷ். முழு டிஸ்க்கையும் ஒரு கணக்குல போட்டா ஒரே ஒரு நீளமான எண் வரும். எஸ்ஹெச்ஏ-256ன்னா 64 எழுத்து. உள்ள ஒரே ஒரு பிட் மாறினாலும் மொத்த எண்ணும் வேற ஆயிடும். அசலுக்கும் நகலுக்கும் எண் ஒண்ணா இருந்தா, மாறலை. அந்த எண்ணை அன்னிக்கே எழுதி வெச்சுட்டா, பத்து வருஷம் கழிச்சும் யார் வேணா சரிபார்க்கலாம். அரக்கு சீலுக்கு வாரிசு அதுதான்.

2024 ஜூலை 1ல இருந்து 65பிக்குப் பதிலா பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 63. அந்தச் சான்றிதழ்ப் படிவத்துலயே ஹேஷ் எண்ணுக்கு இடம் விட்டிருக்காங்க. ஒரு பகுதியை ஆதாரம் கொடுக்கறவர் நிரப்பணும், இன்னொண்ணை வல்லுநர் நிரப்பணும். நல்ல விஷயம். ஆனா படிவத்துல பேர் சொல்லியிருக்கற மூணு முறையில ரெண்டு, எம்டி5யும் எஸ்ஹெச்ஏ-1ம், கொலிஷன் உருவாக்க முடியும்னு எப்பவோ நிரூபிச்சாச்சு. எஸ்ஹெச்ஏ-1ஐ 2017லயே உடைச்சுக் காட்டினாங்க. புதுச் சட்டத்துல அதை ஏன் வெச்சாங்கன்னு எனக்குப் புரியலை.

இங்க ஒரு சொந்தக் கதை. திருப்பூர்ல எங்க மாமா பனியன் கடை முன்னாடி நின்ன பைக் காணாமப் போச்சு. கேமரா இருக்குன்னு தைரியமா இருந்தார். இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளி, இருபதாவது நாள் பதிவைத் தேடினா இல்லை. அந்த டிவிஆர் பதினஞ்சு நாளுக்கு ஒருதடவை பழசு மேலயே எழுதுது. போதாததுக்கு அதோட கடிகாரம் நாப்பது நிமிஷம் பிந்தி ஓடுது. லேப்ல டிவிஆர் வந்தா முதல்ல குறிக்கறதுல ஒண்ணு இந்த நேர வித்தியாசம்தான். உங்க வீட்டுக் கேமராவை இன்னிக்கு ஒருதடவை பாருங்க.

சரி, லேப் தன்னோட கணக்கையே பார்க்காம விட்டா என்ன ஆகும்? அமெரிக்காவுல பாஸ்டன் ஆய்வகம் ஒண்ணுல ஆனி டூக்கன்னு ஒரு கெமிஸ்ட். போதைப்பொருள் மாதிரிகளைச் சோதிக்கற வேலை. சகாக்களைவிடப் பல மடங்கு வேகம். பாராட்டு மேல பாராட்டு. 2012ல தெரிஞ்சது, நிறைய மாதிரிகளை அவர் சோதிக்கவே இல்லை, பார்வையிலேயே முடிவு எழுதியிருக்கார். 2017ல மாசசூசெட்ஸ் கோர்ட் 21,000க்கும் மேற்பட்ட வழக்குகளைத் தள்ளுபடி பண்ணுச்சு. தண்டனை அனுபவிச்சு முடிச்சவங்களும் அதுல உண்டு. ஒரு மனுஷியால இத்தனை சோதனை செய்ய முடியாதுன்னு அந்த லேபோட சொந்த எண்ணிக்கையே வருஷக்கணக்கா சொல்லிட்டிருந்துச்சு. கூட்டிப் பார்க்க ஆள் இல்லை. ஆய்வகத் தகவல் மேலாண்மை மென்பொருள் எதுக்குன்னா இதுக்குத்தான். பார்கோடு ஒட்டறது பாதி வேலை. யார் எதை எப்பத் தொட்டாங்கன்னு அழிக்க முடியாத பதிவு வெச்சு, அதைப் படிக்கவும் செய்யறது மீதி. நம்ம ஊருக்கும் இது அவசரம். புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி ஏழு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள குற்றம்னா தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு வரணும். மாநிலங்களுக்கு அஞ்சு வருஷம் வரை அவகாசம். லேபுக்குள்ள வரப்போற பைகளும் ஃபோன்களும் எவ்வளவு கூடும்னு நினைச்சுக்கோங்க.

கடைசியா பொள்ளாச்சி.

2019 பிப்ரவரி. உங்கள்ல பாதிப் பேர் அப்ப கோவைல காலேஜ்ல இருந்திருப்பீங்க. பெண்களை ஏமாத்தி, வன்கொடுமை செஞ்சு, வீடியோ எடுத்து மிரட்டின கும்பல். அந்த வழக்குல குற்றமும் ஆதாரமும் ஒரே பொருள்தான்: ஃபோன்ல இருந்த வீடியோ. இதுவரை பேசின ஜாடி, ரேகை, கோயில் கேமரா எதுக்கும் இல்லாத சிக்கல் இது. கோயில் பதிவை நூறு பேர் பார்த்தாலும் யாருக்கும் காயம் இல்லை. இந்த வீடியோவை ஆய்வகத்துல ஒருத்தர் பார்க்கறதும், கோர்ட்ல போடறதும், அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் அதே விஷயம். ஆனா அது இல்லைன்னா வழக்கு இல்லை.

அந்த நேரத்துல நடந்தது என்ன? ஒரு வீடியோத் துண்டு வாட்ஸ்அப்ல சுத்துச்சு. புகார் கொடுத்த பெண்ணோட பேர் முதல்ல போலீஸ் அதிகாரி பேட்டியில வந்துச்சு, அப்புறம் வழக்கை சிபிஐக்கு மாத்தற அரசாணையிலயே அச்சாச்சு. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி அரசுக்கு உத்தரவிட்டுச்சு. ஹேக்கர் யாரும் வரலை. ஒரு மைக்கும் ஒரு டைப் பண்ண தாளும் போதுமா இருந்துச்சு.

புகார் கொடுக்க முன்வந்த பெண்கள் சிலர்தான். இன்னும் எத்தனை பேர் வராமலே இருந்தாங்கன்னு கேட்டா, அந்த அரசாணையைப் படிச்ச ஒரு பொண்ணு என்ன முடிவெடுத்திருப்பான்னு நாமளே யோசிச்சுக்கலாம்.

அப்புறம் நிலைமை மாறுச்சு. விசாரணை மூடின அறைக்குள்ள நடந்தது. 2025 மே 13ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றத்துல நீதிபதி நந்தினி தேவி ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை கொடுத்தாங்க. பாதிக்கப்பட்டவங்களுக்கு மொத்தம் 85 லட்சம் இழப்பீடு. 48 சாட்சிகள், ஒருத்தர்கூடப் பிறழ் சாட்சி ஆகலை, 400 அளவுக்கு மின்னணு ஆதாரங்கள்னு அரசு வக்கீல் வெளிய வந்து சொன்னார். நான் அந்த ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கறேன். ஃபோன்ல இருந்தது உறுதியா நின்னதால சாட்சிகளுக்குத் தைரியம் வந்திருக்கலாம். தங்கள் பேர் வெளிய போகாதுங்கற நம்பிக்கை கொஞ்சமாவது திரும்ப வந்திருக்கலாம்.

அந்த ஃபைல்களை இப்பவே அழிக்க முடியாது. மேல்முறையீடுகள் எல்லாம் முடியற வரைக்கும் அப்படியே இருக்கணும், ஒரு பிட் மாறாம. அதனால எங்கயோ ஒரு அலமாரியில, உறை போட்டு, சீல் வெச்சு, மேல ஒரு நம்பர் மட்டும் எழுதி அது இருக்கும். பேர் இருக்காது.